தனி வளையும் பொது வாய்க்காலும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. வாடகை வீட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காலம் தள்ளியவர்களுக்கே அவ்வாக்கின் அருமை முழுவதும் விளங்கும். தறி போட இடமின்றித் தவித்த நெசவாளரும், மிளகாய் வற்றலை இருப்பு வைக்க ஓர் அறையின்றி வந்த விலைக்கு விற்ற விவசாயியும் நம் சங்கங்களில் ஏராளம். ஆகவே சொந்த வீடு வேண்டும் என்னும் ஆசையைப் பேராசை என்று எவரும் சொல்லார். ஆயினும் அப்பழமொழி சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. வெள்ளம் வரும்போது முதலில் நிரம்புவதும் அந்த எலி வளைதான்.

சென்ற ஐப்பசியில் அருப்புக்கோட்டை நெசவாளர் ஒருவர் என்னைத் தூத்துக்குடிக்கு உடன் வரும்படி அழைத்தார். நாற்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்தவர். அவருடைய மகன் துறைமுகத்தைச் சார்ந்த வேலையில் இருக்கிறார். நகரத்துக்குத் தெற்கே, முத்தையாபுரத்துக்கு அப்பால், உப்பளங்களின் ஓரமாக ஒரு மனை விலைக்கு வந்திருந்தது. சேமிப்பு, மனைவியின் நகை, மகனுடைய சம்பளத்தின்மேல் வாங்கக்கூடிய கடன் ஆகிய மூன்றையும் சேர்த்தால் மனையும் வாங்கி வீடும் எழுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஒரு குடும்பம் தன் வாழ்நாள் உழைப்பை ஒரே இடத்தில் ஊன்றப் போகிறது. ஊன்றும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது என்று நானும் புறப்பட்டேன்.

நம் மாவட்டத்தார் தூத்துக்குடியை நாடுவது புதிதன்று. விருதுநகர் வணிகருக்கு அத்துறைமுகம் பல தலைமுறைகளாகவே கடல்வாசல். 1974ஆம் ஆண்டில் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் எழுந்தன. 2008இல் தூத்துக்குடி மாநகராட்சியாயிற்று. 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் தொழிற்சாலை ஒன்றும் அங்கே தொடங்கப்பட்டிருக்கிறது. வேலை உள்ள இடத்தில் குடியேற்றம் பெருகும். குடியேற்றம் பெருகும் இடத்தில் மனை விற்பவர் பெருகுவர். சாத்தூரிலும் சிவகாசியிலும் அருப்புக்கோட்டையிலும் உள்ள நம் அங்கத்தினர் பலருடைய பிள்ளைகள் இன்று அக்கடலோரத்தில் மனை தேடுகிறார்கள். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுவது நம் கடமையாகும்.

முதலாவதாக, நாம் கரிசல் பூமியில் வீடு கட்டிப் பழகியவர்கள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கரிசல் மண் மழையில் பொங்கும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் மேலோட்டமாக எழுப்பிய சுவர், இரண்டு கோடை தாண்டுவதற்குள் வாய் பிளந்துவிடும். அதனால்தான் நம் கொத்தனார்கள் கரிசலைத் தோண்டி அப்புறப்படுத்தி, கீழே கெட்டித் தரை தென்படும் வரை சென்று அஸ்திவாரம் போடுவார்கள். பக்கங்களில் சரளை நிரப்புவார்கள். நமக்கு மண்ணே பகை. ஆழமாகத் தோண்டினால் அப்பகையை வென்றுவிடலாம்.

கடலோரத்தில் நிலைமை வேறு. நல்ல மணற்பாங்கான தரை பொங்குவதில்லை, சுருங்குவதுமில்லை. பக்கவாட்டில் சரியாமல் இறுகியிருந்தால் அது பாரத்தை நன்றாகவே தாங்கும். அங்கே பகை மண்ணன்று, உப்பும் நீரும்தான். கைவிட்ட உப்பளத்தையோ தாழ்ந்த சேற்று நிலத்தையோ செம்மண் கொட்டி மூடி மனையாக்கியிருந்தால் தொல்லை மும்மடங்காகும். மேலே கொட்டிய மண் இறுகாமல் இருக்கும். கீழே களி இளகியிருக்கும். இரண்டிலும் உப்பு ஊறியிருக்கும். ஆகவே மனையின் மேல்முகத்தை மட்டும் பார்த்து விலை பேசலாகாது. ஆளுயரத்துக்கு ஒரு குழி வெட்டச் சொல்லிக் கீழே என்ன மண் என்று பார்க்கவேண்டும். எத்தனை அடியில் நீர் ஊறுகிறது என்பதையும் மழைக்காலத்திலேயே பார்க்கவேண்டும். குழித்தறி போட எண்ணும் நெசவாளருக்கு இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம். நீர்மட்டம் மேலெழும் இடத்தில் தறிக்குழி கிணறாகிவிடும்.

அடுத்தது உப்பு. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை. சிமிண்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி அதைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே நுழைந்தால் அப்படலம் அழிகிறது. துருவேறிய இரும்பு முன்னிருந்த இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலாகப் பருக்கிறது. அவ்வாறு பருத்து நெருக்கும்போது காங்கிரீட் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே மேலும் உப்புக்காற்று நுழைகிறது. கடலோர வீடுகளில் மாடிக் கைப்பிடிச் சுவரும் ஜன்னல் மேற்பலகையும் முதலில் உதிர்வதன் காரணம் இதுவே.

இதற்குப் பரிகாரம் உண்டு, பெருஞ்செலவும் அன்று. இந்தியத் தரக்குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட காங்கிரீட் விதிநூல், கடலோரச் சூழலுக்கு வெளிப்பட்டு நிற்கும் காங்கிரீட்டைக் 'கடுமை' என்னும் வகுப்பில் வைக்கிறது. அவ்வகுப்புக்கு எம்-30 தரத்துக்குக் குறையாத கலவை வேண்டும். ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமிண்டு வேண்டும். நீர், சிமிண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேற்படலாகாது. அதாவது 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 22½ லிட்டர். கலவை இளகி ஓடவேண்டும் என்பதற்காக வாளி வாளியாக நீர் ஊற்றும் பழக்கம் கரிசற்காட்டிலும் தவறுதான். கடலோரத்தில் அது வீட்டுக்கே கேடு.

கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையே இருக்கவேண்டிய கனத்தையும் அந்நூல் வரையறுக்கிறது. சாதாரண இடத்தில் 20 மில்லிமீட்டர் போதும். கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டர் வேண்டும். கம்பிக்கு அடியில் கைக்குக் கிடைத்த ஜல்லித் துண்டைச் செருகி இந்த அளவைக் காக்க முடியாது. அதே கலவையில் முன்கூட்டியே வார்த்து, நீரில் ஊறவைத்த கவர் கட்டைகளை வைக்கவேண்டும். ஒரு கட்டையின் விலை சொற்பம். அதை மறந்ததால் பத்து ஆண்டுகளில் ஒரு தளத்தையே இடித்துப் போடும் செலவு சொற்பமன்று.

நீரையும் சோதிக்கவேண்டும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தலாகாது என்பது விதி. தூத்துக்குடி நகரம் குடிநீருக்கு வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணியையே நம்பியிருக்கிறது. புறநகரில் ஆழ்குழாய் போட்டவுடன் வரும் நீரெல்லாம் கட்டுமானத்துக்கு ஏற்றது என்று எண்ணுவது தவறு. வாயில் வைத்துக் கரிக்கவில்லை என்று சொல்வதும் போதாது. சோதனைச் சாலையில் கொடுத்து எழுத்துமூலம் முடிவு பெறவேண்டும். கலக்குவதற்கு நல்ல நீரை வாங்கிவிட்டு, நனைப்பதற்கு உப்புநீரை விடுவோரும் உளர். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு விக்கலுக்கு விஷம் கொடுப்பது போன்றது இது. சாதாரண சிமிண்டானால் 7 நாட்களுக்கும், சாம்பலோ கசடோ கலந்த சிமிண்டானால் 10 நாட்களுக்கும் குறையாமல் நனைக்கவேண்டும். வெயில் காயும் காலத்தில் இவை முறையே 10 நாளும் 14 நாளும் ஆகும். கசடு கலந்த சிமிண்டு உப்பை எதிர்க்கும் ஆற்றல் மிக்கது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கடற்கரை மணலைக் கலவையில் சேர்ப்பதை மட்டும் எக்காரணத்தாலும் அனுமதிக்கலாகாது.

அந்நாளில் இந்தக் கடலோரத்தார் கம்பியில்லாமலே வீடு கட்டினார்களே என்று சிலர் கேட்பர். உண்மைதான். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக் கல்லும், அதைச் சுட்டெடுத்த சுண்ணாம்பும், பனங்கட்டைகளும் கொண்டு அவர்கள் கட்டினார்கள். உப்புக்கு அஞ்சும் இரும்பு அவற்றில் இல்லை. ஆனால் அவ்வழி இன்று அடைபட்டது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகள் 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுக் காக்கப்படுகிறது. அத்தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளக் கல்லை அளவின்றி வெட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். பவளப்பார் கடலின் அலையைத் தடுத்துக் கரையைக் காக்கும் இயற்கைச் சுவராகும். ஊர் முழுமைக்கும் பொதுவான அச்சுவரிலிருந்து கல்லெடுத்து அவரவர் தம் சுவரைக் கட்டிக்கொண்டனர். அதன் பலனைக் கரை முழுவதும் அனுபவிக்கிறது. இக்கட்டுரையின் சாரமும் இதுவேயாகலின், மேலே அந்த மனைக்கே வருவோம்.

மனையைச் சுற்றி முன்னரே நான்கைந்து வீடுகள் எழும்பியிருந்தன. அவற்றுள் ஒன்றின் சுவரில், ஜன்னலின் அடிமட்டத்தை ஒட்டி, சீராக ஒரு பழுப்புக் கோடு ஓடியது. வண்ணம் பூசியும் அது மறையவில்லை. எங்கள் நெசவாளர் அருகில் சென்று, பாவின் இழையைத் தடவிப் பார்ப்பதுபோல விரலால் அக்கோட்டைத் தடவிப் பார்த்தார்.

அவ்வீட்டு அம்மாள் வெளியே வந்து, "வெள்ளம் நின்ற மட்டம் அண்ணாச்சி. அது வடிய எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள்" என்றார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை அவர் குறிப்பிட்டார். தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள காயல்பட்டினத்தில், 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை 80 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். நமக்கு ஓராண்டில் கிடைப்பதற்கும் மேலாக அவர்களுக்கு ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. கோரம்பள்ளம் குளம் உடைப்பெடுத்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுபோயிற்று. தூத்துக்குடியின் தாழ்ந்த பகுதிகளில் மழை விட்டபின்னும் நாட்கணக்கில் நீர் நின்றது. கடலுக்கு அருகில் இருந்தும் கடலுக்குள் வடிய வழியில்லாத நீர் அது.

அந்த அம்மாளின் அடுத்த வீடு, அவ்வெள்ளத்துக்குப் பிறகு கட்டியது. தரையிலிருந்து ஐந்தடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். மனை முழுவதும் மண் நிரப்பிச் சுற்றுச்சுவரும் எழுப்பியிருந்தார்கள். கட்டியவரைக் குறை சொல்வதற்கில்லை. பட்டறிந்தவர் செய்வதைத்தான் செய்தார். ஆனால் முன்பு அந்த மனையின் வழியாக ஓடி வடிந்த மழைநீர் இப்போது எங்கே போகும்? "இப்பொழுது சிறு மழைக்கே எங்கள் வாசலில் நீர் நிற்கிறது" என்றார் அந்த அம்மாள். அவரும் நாளை பணம் சேர்த்து ஆறடி உயர்த்துவார். பிறகு மூன்றாவது வீட்டுக்காரர் ஏழடி உயர்த்தவேண்டும். வீட்டுக்கு வீடு ஏறிக்கொண்டே போகும் இந்த ஓட்டத்தில் வெல்பவர் ஒருவருமில்லை. தெரு மட்டும் வாய்க்காலாகிவிடும்.

உப்பைத் தனி ஒருவர் வெல்லலாம். நல்ல நீர், நல்ல கலவை, சரியான கவர் கட்டை, கண்காணிப்பு ஆகியவை போதும். வெள்ளத்தைத் தனி ஒருவர் வெல்லமுடியாது. தளமட்டத்தை ஒருவர் உயர்த்தலாம். தெருவின் மட்டத்தையும் வடிகாலின் சரிவையும் கூடித்தான் அமைக்கவேண்டும்.

சிவகாசி வட்டாரத்து அங்கத்தினருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. பட்டாசுத் தொழிற்சாலையில் அறைக்கு அறை இவ்வளவு இடைவெளி என்றும், ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்றும் விதியிருக்கிறது. தன் அறையை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும், இடைவெளியைக் குறைப்பவர் பக்கத்து அறையில் இருப்பவரின் உயிரோடு விளையாடுகிறார். அவ்விதி மீறப்பட்ட போதெல்லாம் நேர்ந்த துயரம் நாம் அறிந்ததே. கடலோரக் கட்டுமான விதிகளையும் அந்தக் கண்கொண்டே நோக்கவேண்டும்.

1991ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிறப்பிக்கப்பட்டு, 2011இலும் 2019இலும் புதுப்பிக்கப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் ஓதக்கோட்டிலிருந்து நிலத்தை வகைப்படுத்துகிறது. ஊரகக் கரைகளில் பொதுவாக 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில், உரிய மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்றபின், அது 50 மீட்டராகக் குறையும். கழிமுகங்களையும் ஓத நீர் ஏறும் ஓடைகளையும் ஒட்டிய நிலத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் மண்டலத்துக்கு வெளியே இருக்கிறோம் என்று எண்ணிவிடக்கூடாது.

மனைப் பத்திரங்களிலும் கவனம் வேண்டும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் புல வரைபடமும் பார்த்தாலே போதும் என்பது பழைய எண்ணம். மனைப்பிரிவு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்கவேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த விதிகள், 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முற்பட்ட மனைகளுக்கே ஏற்பட்டவை. "பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்" என்று தரகர் சொல்லும் தேறுதலுக்கு முன்பணம் கொடுத்துவிடலாகாது. கிராம வரைபடத்தில் அந்த இடம் ஓடையா, குளத்தின் நீர்ப்பிடிப்பா என்பதையும் பார்த்துவிட வேண்டும். வரைபடத்தில் ஓடையாக இருந்தது, மழை வந்தால் மறுபடியும் ஓடையாகிவிடும்.

இனிக் கூட்டுறவாளர் செய்யக்கூடியது என்ன? நமக்கு முன்மாதிரிகள் இல்லாமற் போகவில்லை. சென்னையில் கடலுக்கு அண்மையில் அடையாறு காந்தி நகர், விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில், ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் உருவாயிற்று. அங்கே வீடுகளுக்கு முன்பே தெருக்களும் பூங்காவும் திட்டமிடப்பட்டன. வீட்டுவசதிச் சங்கங்களுக்குத் தலைமையான இணையம் நம் மாநிலத்தில் 1959இல் தோன்றியது. நெசவாளர் சங்கங்களும் தம் அங்கத்தினருக்காகக் குடியிருப்புகள் அமைத்த வரலாறு நமக்கு உண்டு. அந்தக் குடியிருப்புகளின் சிறப்பு மலிவு அன்று. கிணறு, தெரு, வடிகால் ஆகிய மூன்றும் முதலில். சுவர் பிறகு என்ற வரிசையே அவற்றின் சிறப்பு.

இன்று புதுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தால்தான் இது நடக்கும் என்பதில்லை. ஒரே மனைப்பிரிவில் இடம் பார்க்கும் பத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடினாலே பல காரியம் கைகூடும். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு பொறியாளரை அமர்த்தி, மனைப்பிரிவு முழுவதற்கும் மட்டம் எடுக்கச் செய்யலாம். தெருவின் மட்டம் இன்னது, வீட்டுத் தளம் அதற்குமேல் இவ்வளவு என்று எல்லோரும் கையெழுத்திட்டு ஏற்றுக்கொள்ளலாம். வடிகால் எந்தப் பொது ஓடையில் சேர்கிறது என்று காட்டாத மனைக்காரரிடம் ஒருவரும் வாங்குவதில்லை என்று உறுதி செய்யலாம். மண்ணையும் நீரையும் ஒரே செலவில் சோதிக்கலாம். கவர் கட்டைகளை ஒரே அச்சில் வார்க்கலாம். 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பை வீட்டுக்கு ஒரு பெயரளவுக் குழியாக வைக்காமல், தெருவுக்கே பயன்படும்படி அமைக்கலாம். இனிய மழைநீர் உள்ளே இறங்க இறங்க உப்புநீர் ஏறுவது மட்டுப்படும். இவற்றுள் எதையும் தனி ஒருவர் கேட்டால் மனைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் விலையோடு சேர்த்து எழுதித் தருவார்.

எங்கள் நெசவாளர் அன்று முன்பணம் கொடுக்கவில்லை. மகனுக்கு முகம் வாடிற்று. விலை ஏறிவிடும் என்று அவர் அஞ்சியதும் நியாயமே. திரும்பி வரும் வழியில், எட்டயபுரம் தாண்டும் வரை தந்தையும் மகனும் பேசவில்லை. பிறகு தந்தை சொன்னார்: "தம்பி, பாவில் ஓர் இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம். பாவையே கோணலாக ஏற்றிவிட்டால் நெய்து முடிக்கும் வரை கோணல்தான்." இப்போது அவர் மேட்டுப்பாங்கான வேறொரு மனைப்பிரிவைப் பார்த்திருக்கிறார், கடலுக்குச் சற்றுத் தொலைவு, விலையும் சற்று அதிகம். நம் ஊர்களிலிருந்து அங்கே வேலைக்குச் சென்றிருக்கும் பிள்ளைகளின் குடும்பங்கள் ஆறு அவருடன் சேர்ந்திருக்கின்றன. வருகிற மழையில் எல்லோருமாகச் சென்று நீர் எப்பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டே விலை பேசுவதாக முடிவு.

நம் சாத்தூர் வழியாக ஓடும் வைப்பாறும் அந்தக் கடற்கரையில்தான் சென்று சேர்கிறது. நம் பிள்ளைகளும் அதே திசையில் செல்கிறார்கள். அவர்கள் தனி வளை கட்டிக்கொள்ளட்டும், வாழ்த்துவோம். ஆனால் வளையைத் தோண்டுமுன் வாய்க்காலைக் கூடி வெட்டச் சொல்வோம். அந்த அறிவுரையைச் சொல்லும் உரிமை, ஒருவருக்காக எல்லோரும், எல்லோருக்காக ஒருவர் என்று சங்கம் வைத்து வாழும் நம்மைவிட வேறு யாருக்கு உண்டு?